பேட்ரிசியா மேடத்தின் கேள்வி

மலைக்கோட்டை அம்மனின் பெயரை மட்டுவார்குழலி என்று முழுசாக வைத்துவிட்டு வாயை வைக்க மறந்துவிட்டார்கள் என்று பாலு தன் மனைவியைக் கேலி செய்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. வகுப்பறையில் குழலிக்கு வாய் உண்டு. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கும். பெரியவர்கள் நாலு பேர் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால்தான் அந்த வாய்க்குப் பூட்டு விழும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும், சரியான நேரத்தில் அதைத் திறந்தும், பிழைக்காமல் போனவளைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வாடகை வீடு. பாலுவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. குழலி திருச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரத் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பதவியின் பெயரோடு சரி. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆபீஸ் வாசலில் நின்று, 'இந்த வருஷம் நாம இருக்கோமா சார்' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிஎச்டி முடித்தால் அந்த வாசலில் நிற்க வேண்டியதில்லை என்றார்கள். முப்பது தாண்டிப் பதிவு செய்தாள். இப்போது நாற்பதும் தாண்டிவிட்டது.

அவளுக்கு வழிகாட்டி பேட்ரிசியா மேடம். மன்னார்புரம் பக்கம் வேறொரு கல்லூரியில் பேராசிரியர். குழலியைவிட நாலைந்து வயது சின்னவர். துறைக்குள் 'மிசஸ் குழலி' என்பார். கேட்டைத் தாண்டி டீக்கடைக்கு வந்தவுடன் 'அக்கா' என்பார். குழலி மட்டும் எந்த இடத்திலும் 'மேடம்' என்பதை விடவில்லை. கைடு என்றால் கைடுதான், வயசு என்ன வயசு என்பது அவள் கட்சி.

ஆராய்ச்சி பச்சைமலைப் பெண்களின் உழைப்பைப் பற்றியது. துறையூரிலிருந்து பஸ் பிடித்து மலையேறிப் போவார்கள் இருவரும். அங்கே வீடு வீடாகப் போய், 'என்ன வேலை செய்றீங்க' என்று கேட்டால், தலையில் சுள்ளிக்கட்டோடு நிற்கிற பெண்கூட, "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பாள். அதை அப்படியே எழுதிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். கணக்குப்படி மலையில் பாதிப் பேர் சும்மா இருந்தார்கள். மரவள்ளியை நட்டது யார், தினையைக் குத்தியது யார், ஆட்டை ஓட்டிப் போனது யார் என்று கேட்டால் பதில் இல்லை. இப்படியே இரண்டு வருஷம் ஆராய்ச்சி சேற்றில் சிக்கிய வண்டியாய் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் குழலிக்குச் சிக்குன்குனியா வந்தது. கை கால் மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். வீடு இரண்டு பட்டது. பாலு வைத்த சாதம் பாதி வெந்தும் பாதி வேகாமலும் வந்தது. மகள் கனிஷ்கா யூனிஃபார்ம் துவைக்காமல் வேறு உடுப்பில் ஸ்கூலுக்குப் போய்த் திட்டு வாங்கினாள். கேஸ் தீர்ந்தது, பால்காரன் கணக்குக் குழம்பியது, மோட்டார் போட மறந்து தொட்டி காய்ந்தது. குழலி கட்டிலில் கிடந்தபடி இத்தனையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று போனை எடுத்தாள்.

"மேடம், என்ன வேலை செய்றீங்கன்னு கேட்கவே வேண்டாம். ஒரு வாரம் ஜுரத்துல படுத்துட்டா உங்க வீட்டுல எதெது நின்னுபோகும்னு கேட்போம் மேடம்."

மறுமுனையில் பேட்ரிசியா மேடம் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அக்கா, இதுதான் உங்க தீசிஸ். முதல்ல எழுந்து கஞ்சி குடிங்க."

அதற்குப் பிறகு மலைக்குப் போனபோது பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். எப்படிப் பேசினார்கள் என்கிறீர்கள்! "நான் படுத்தா ஆடு பட்டினிங்க, மாமியா பட்டினிங்க, ஊத்துலேருந்து ஒரு குடம் தண்ணி வராதுங்க" என்று ஆரம்பித்து, கடைசி பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் விடவில்லை. குழலி எழுதி எழுதிக் கை ஓய்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்கும் மூளை என்று ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. பேட்ரிசியா மேடத்துக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் என்றார்கள், மருந்து என்றார்கள். போன வருஷம் மழைக்கு முன்னால் மேடம் போய்விட்டார். கல்லறையில் மண் போடும்போது குழலி அழுத அழுகையைப் பார்த்து, கூடப் பிறந்த அக்கா போலிருக்கிறது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

துக்கம் ஒரு பக்கம் இருக்க, பல்கலைக்கழகம் ஒரு பக்கம் இருந்தது. கைடு இறந்துவிட்டால் வருஷம் முடிவதற்குள் வேறு கைடு பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. அத்தனை வருஷ உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். குழலி ஏறாத படி இல்லை. ஒருவரிடம் இடம் இல்லை, ஒருவர் ஓய்வுபெறப் போகிறார், இன்னொருவர் பாதியில் வந்த ஆளை எடுப்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். மிச்சம் இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்த பேராசிரியர் நல்லதம்பி. கறாரானவர், ஆனால் நியாயஸ்தர் என்று பெயர். அவரிடம் ஒரே ஓர் இடம் இருந்தது.

"பேட்ரிசியா காலேஜ்ல கருத்தரங்கு நடக்குதில்ல, முதல் அமர்வுக்கு நான்தாம்மா தலைமை. அங்க உங்க கட்டுரையை வாசிங்க. கேட்டுட்டு அன்னைக்கே சொல்லிடுறேன்" என்றார் போனில்.

ஆக, குழலியின் எட்டு வருஷமும் ஒரு பத்து நிமிஷத்தில் வந்து நின்றது.

அவளுக்குக் கருத்தரங்கு புதிது அல்ல. முன்பு ஒரு தடவை குனிந்த தலை நிமிராமல் கட்டுரை முழுவதையும் ஒப்பித்துவிட்டு வந்து, மேடத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். "தாளைப் பார்க்கவா அக்கா அத்தனை பேர் வந்திருக்காங்க? கண்டுபிடிச்சது என்னன்னு முதல்லயே சொல்லிடுங்க. அப்புறம், எங்க மேடம் சொன்னாங்க, எங்க மேடம் சொன்னாங்கன்னு என் தலையை உருட்டாதீங்க" என்றார் மேடம். அந்தத் திட்டையெல்லாம் இப்போது நினைவுபடுத்திக்கொண்டு, காலையில் குக்கர் பக்கத்தில் நின்று தினமும் சொல்லிப் பார்த்தாள். பாலு கையில் போனோடு நேரம் பார்த்தான். "எனக்கே புரியுது குழலி. அப்புறம் அந்த மனுஷனுக்குப் புரியாதா" என்றான். அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

கருத்தரங்கு நாளன்று ஒன்னாம் நம்பர் பஸ்ஸில் ஜங்ஷன் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். அரங்கத்துக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மேடத்தின் போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். முதல் அமர்வே அவர் நினைவுக்கு என்று அறிவித்தார்கள். முன்வரிசையில் மேடத்தின் கணவர் ஆசீர் தனியாக உட்கார்ந்திருந்தார். மருந்துக் கம்பெனி வேலையாக முக்கால்வாசி நாள் வெளியூரில் சுற்றுகிறவர். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

நம்மூர்க் கருத்தரங்குகளில் கருத்தைத் தவிர மற்றதெல்லாம் விரிவாக நடக்கும். குத்துவிளக்கை ஏற்ற ஐந்து பேர், வரவேற்க மூன்று பேர், வாழ்த்திப் பேச நாலு பேர். பொன்னாடை போர்த்துகிறவர் ஒரு நிமிஷம் அப்படியே நிற்க, போட்டோக்காரர் இன்னும் ஒரு தடவை என்பார். விருந்தினர் உலகப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். இதெல்லாம் முடிந்து கட்டுரைக்காரர்கள் முறை வந்தபோது, பத்து நிமிஷம் ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது என்றார்கள். அதுவும் மணி அடித்தால் இறங்கிவிட வேண்டுமாம். ஊரிலிருந்தெல்லாம் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன செய்வது?

குழலி மைக்குக்கு வந்தாள். வணக்கம் சொல்லுவதைச் சுருக்கிவிட வேண்டும் என்றுதான் வீட்டில் முடிவு செய்திருந்தாள். ஆனால் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும், ஒருவரை விட்டால் பொல்லாப்பாகிவிடும் என்று பயம் வந்தது. செயலர் அவர்களே, முதல்வர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே என்று ஆரம்பித்து, ஒருவர் விடாமல் சொல்லி முடித்தாள். பிறகு போட்டோவைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லப் போனவள் நாலு வார்த்தையாகச் சொன்னாள். முதல் மணி அடித்துவிட்டது.

அந்த மணிச் சத்தம் அவளை உலுக்கியது. கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "ஒரு பொம்பளை சும்மா இருக்காளா இல்லையான்னு அவகிட்டக் கேட்டா தெரியாது. அவ படுத்தா எது நிக்குதுன்னு கேட்டாத்தான் தெரியும்" என்றாள், எல்லோரும் ஆங்கிலத்தில் பேசிய மேடையில் தமிழில். மலையில் கேட்டதைச் சொன்னாள். ஆட்டையும் மாமியாரையும் தண்ணீரையும் சொன்னாள். செல்போன் நோண்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தலைமை நாற்காலியில் நல்லதம்பி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மணி அடிக்கப் போன மாணவியைக் கையமர்த்தினார்.

"நல்ல கேள்விம்மா. நான் படிச்ச வரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்லை. இது யாரோட யோசனை?"

இதைத்தான் அவர் கேட்க வேண்டும் என்று குழலி சாமி கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள். 'என்னுடையது சார்' என்றால் முடிந்தது காரியம். வாயைத் திறந்தாள். முன்வரிசையில் ஆசீர், போர்த்திய பொன்னாடையோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாலைக்குள்ளிருந்து மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போனவர் முன்னால், அவர் படத்துக்கு முன்னாலேயே, நான் என்று எப்படிச் சொல்லுவது?

"எங்க பேட்ரிசியா மேடத்தோட யோசனை சார். எல்லாம் அவங்கதான். நான் சும்மா அவங்க சொன்னதைச் செஞ்சேன், அவ்வளவுதான்."

சும்மாவாம்! மலையில் சுள்ளிக்கட்டோடு நின்றவள் சொன்னாளே, அதே சும்மா. அதைக் கேட்டு எரிச்சல்பட்டவளே இதைச் சொல்கிறாள். ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அரங்கம் கைதட்டியது. ஆசீர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மனசு நிறைந்துபோய்த்தான் மேடையிலிருந்து இறங்கினாள் குழலி. அந்த நிறைவு பொய் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நல்லதம்பி அவளைத் தனியே கூப்பிட்டார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இடம் ஒண்ணுதாம்மா இருக்கு. இன்னொருத்தரும் கேட்டிருக்கார். அதனால மனசுல ஒண்ணும் வச்சுக்காம சொல்லுங்க. யோசனை பேட்ரிசியாவோடது. ஊர் ஊரா போயிக் கேட்டு எழுதினது சரி, அதை யார் வேணும்னாலும் எழுதலாம். இதுல உங்களோடது எது?"

நல்ல மனுஷன். இரண்டாவது தடவையாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். குழலி, "சார், உண்மையில அந்தக் கேள்வி" என்று தொடங்கவும் செய்தாள். அதற்குள் கையில் சாப்பாட்டுத் தட்டோடு ஆசீர் வந்து நின்றார். தட்டில் எதையும் தொடவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார், குறுக்க வந்துட்டேன்" என்றார். "இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தேன். அவ என்ன ஆராய்ச்சி பண்றான்னு ஒரு நாள் உட்கார்ந்து கேட்டதில்லை சார். ஏதோ காலேஜ் வேலைன்னு நெனச்சிட்டேன். இன்னைக்கு இவங்க சொல்லித்தான் தெரியுது அவ யாருன்னு." பிறகு குழலியைப் பார்த்து, "உங்களுக்கு நான் என்னங்க கைம்மாறு செய்யப் போறேன்" என்று கையெடுத்துக் கும்பிடப் போனார். தட்டு இருந்ததால் முடியவில்லை.

குழலி தொடங்கியதை முடிக்கவில்லை.

"சார், கருத்தரங்குப் புத்தகம் போடுவாங்களாமே. அதுல இந்தக் கட்டுரையை அவ பேர்ல போட முடியுமா?" என்று கேட்டார் ஆசீர்.

"போடணும். அதுதான் நியாயம்" என்றார் நல்லதம்பி. அவளைப் பார்த்தார். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லையேம்மா?"

"இல்ல சார்."

"அப்போ நான் அந்த இன்னொருத்தரை எடுத்துக்கிறேன். வருத்தப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

வீட்டுக்கு வந்தவளைப் பார்த்ததும் பாலுவுக்குப் புரிந்துவிட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடு. அது உன்னோடதுன்னு எனக்குத் தெரியும். நான் வந்து சாட்சி சொல்றேன்."

"யாருங்க நம்புவா? கைடு கண்ணை மூடினதும் அவங்க யோசனையை எனக்குன்னு சொல்றா பாருன்னுதான் நினைப்பாங்க. அந்த மனுஷன் அழுதாருங்க. அவர்கிட்டப் போயி, இது உங்க வீட்டம்மாவோடது இல்லை, திருப்பிக் குடுங்கன்னு கேட்கச் சொல்றீங்களா?"

"அப்போ நீ?"

குழலி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதாள். மேடம் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு எப்படித் திட்டியிருப்பார் என்று நினைத்து இன்னும் அழுதாள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டதே என்றும் அழுதாள். தியாகம் அது இது என்று இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைக்க வேண்டாம். அவளுக்குக் கோபம் வந்தது, தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் போனை எடுக்கவில்லை.

தை பிறந்த பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து பதிவு ரத்து என்று தபால் வந்தது. ஜூன் மாதம் வழக்கம்போல ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். அந்த வருஷம் இருக்கிறாள் என்றார்கள்.

கருத்தரங்குப் புத்தகம் அச்சாகி வந்ததும் ஆசீர் போன் செய்தார். கட்டுரை முதலாவதாக வந்திருக்கிறதாம். மேடத்தின் தாயார் அற்புதம்மாள் அதை எந்நேரமும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். "அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. நான் படிச்சுச் சொன்னா விளங்க மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை வந்து சொன்னீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். போக வேண்டாம் என்றான் பாலு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, குழலி பாலக்கரைக்குப் போனாள்.

அற்புதம்மாள் முழங்கால் வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குழலி புத்தகத்தை வாங்கிப் பிரித்தாள். மேலே மேடத்தின் பெயர் மட்டும் இருந்தது. கீழே அவள் எழுதிய வரிகள், ஒரு கமா மாறாமல். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

அன்றைக்குப் பேசினாள் பாருங்கள் குழலி! அவளுக்கு அங்கே மணி இல்லை, மேடை இல்லை, அவர்களே இவர்களே என்று கூப்பிட ஆள் இல்லை. கண்டுபிடித்தது என்ன என்பதை எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். ஜுரத்தில் படுத்திருந்தபோது ஓர் ஆராய்ச்சியாளருக்கு இந்தக் கேள்வி தோன்றியது என்று கட்டுரையில் எழுதியிருந்ததைச் சொன்னாள். மலைப்பெண்கள் பேசியதை அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டினாள். அற்புதம்மாள் ஓர் இடத்தில் சிரித்தார், ஓர் இடத்தில் 'அப்படிக் கேளு' என்று தொடையில் தட்டினார். வாசல் பக்கம் நின்ற ஆசீர் உள்ளே வந்து உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் அவள் அந்தக் கட்டுரையை இவ்வளவு நன்றாக யாருக்கும் சொன்னதில்லை.

முடித்ததும் அற்புதம்மாள் கொஞ்ச நேரம் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜுரமா கிடந்தாளா எம்பொண்ணு?" என்று கேட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எப்போம்மா அது?"

குழலி ஆசீரைப் பார்த்தாள். அவரும் பதிலுக்காக அவளைத்தான் பார்த்தார்.

"அது கொஞ்ச நாளைக்கு முந்தி வந்த சாதாரண ஜுரம்மா. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

"ஒத்தையிலயா கிடந்தா? யாரு பார்த்துக்கிட்டா எம்புள்ளையை?"

"இல்லம்மா, ஒத்தையில இல்ல" என்றாள் குழலி. "நான் கூடத்தான் இருந்தேன்."